மேடைக் கிதாருக்கு ஒரு மிடி ஃபுட் கன்ட்ரோலர்: காவிரிப் படுகை மெல்லிசைக் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையிலுள்ள ஊர் ஒன்றைச் சேர்ந்த மெல்லிசைக் குழுவில் கிதார் வாசிக்கும் இளைஞர் ஒருவர், தம் ஒலிச் செயலியை, அதாவது கிதாரின் ஒலியை மாற்றித் தரும் பெட்டியை, காலால் இயக்குவதற்கு மிடி ஃபுட் கன்ட்ரோலர் ஒன்றைத் தேர்ந்தெடுத்த விவரத்தை இங்கே பதிவு செய்கிறேன். மிடி என்பது ஒரு மின்னணு இசைக்கருவி இன்னொன்றுக்குக் கட்டளை அனுப்பும் பொது முறை. அந்தக் கட்டளைகளைக் காலால் மிதித்து அனுப்பும் விசைப்பலகைதான் ஃபுட் கன்ட்ரோலர். அந்தக் குழுவுக்கு ஒலியமைப்பைக் கவனிப்பவன் என்ற முறையில் முதல் நாளிலிருந்தே உடனிருந்தேன். தவறான முதல் கொள்முதலில் எனக்கும் பங்கு உண்டு. சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலைப் பெற்று, பெயர்களைத் தவிர்த்து எழுதுகிறேன்.

குழுவின் ஆண்டு ஓட்டத்தைச் சொன்னால்தான் பிறகு எடுத்த முடிவுகள் புரியும். சம்பா அறுவடை முடிந்து மாசியில் தொடங்கும் கோயில் திருவிழாக் கச்சேரிகள் வைகாசி வரை நீளும். ஆடியில் அம்மன் கோயில்கள் அழைக்கும். வேளாங்கண்ணிப் பெருவிழா நடக்கும் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரையிலான நாட்களில் நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் மேடை கிடைக்கும். மற்ற மாதங்களில் கல்யாண வரவேற்புகள்தான். திருவிழாக் கச்சேரி என்றால் சுவாமி புறப்பாடு முடிந்து நாதசுரக்காரர்கள் ஓய்ந்த பிறகே மேடை எங்கள் கைக்கு வரும். அதிலிருந்து அரைமணி நேரத்துக்குள் பாட்டு தொடங்கியாக வேண்டும். சவுக்குக் கம்பு கட்டி, பலகை பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்த மேடை அது. கோயில் வளாகத்துக்குள் அமைந்த மேடையில் எல்லோரும் வெறுங்காலோடுதான் நிற்போம். கிதார்க் கருவிகளைப் பற்றிய விளக்கங்கள் எதுவும் வெறுங்காலைக் கணக்கில் எடுத்து நான் படித்ததில்லை. எங்களுக்கோ ஆண்டின் பாதி மேடைகள் அப்படித்தான் அமைகின்றன.

கிதார்க்காரர் பல ஆண்டுகளாக நான்கு தனித்தனிப் பெடல்களை வைத்துச் சமாளித்து வந்தார். பேட்டரி தீர்வதும், சிறு ஒட்டுக் கேபிள்கள் ஒவ்வொன்றாகக் கைவிடுவதும் தொல்லையாகிவிட்டதால், அவற்றை விற்றுவிட்டு லைன் 6 நிறுவனத்தின் எச்எக்ஸ் ஸ்டாம்ப் செயலியைப் பழைய விலைக்கு வாங்கினார். உள்ளங்கை இரண்டை விரித்து வைத்த அளவுள்ள அந்தப் பெட்டிக்குள் ஆம்ப்ளிஃபயர், எதிரொலி தரும் டிலே, பலர் சேர்ந்து வாசிப்பது போலாக்கும் கோரஸ், ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் அனைத்தும் அடங்கிவிடுகின்றன. அளவு சிறியதென்பதால் அதில் மிதிக்கும் விசைகள் மூன்றுதான். வேறு கருவியால் அதை இயக்குவதற்காக 5 பின் கொண்ட மிடி உள்துளையும் வெளித்துளையும் அதிலேயே இருக்கின்றன.

கவனித்தவை

புதிய செயலி வந்த பிறகு ஒலி தெளிந்தது, வாசிப்பு மட்டும் தடுமாறியது. பல்லவி முடிந்து பிட், அதாவது இடையிசை, தொடங்கும் இடத்தில் கிதார்க்காரர் குனிந்து குமிழைத் திருகுவதைக் கூட்டமே பார்த்தது. கீபோர்டு வாசிக்கும் மூத்தவர் ஒரு நாள் இடைவேளையில், “தம்பி, நீ குனிஞ்சு எழுந்திரிக்கறதுக்குள்ள நான் ரெண்டு பார் சேர்த்து வாசிச்சுட்டு நிக்கிறேன்” என்றார். “வாசிப்பையும் குமிழையும் ஒண்ணா பாக்க முடியலண்ணே” என்பதைத் தவிர இவரால் வேறு பதில் சொல்ல முடியவில்லை.

அடுத்த மூன்று கச்சேரிகளில் மிக்ஸருக்குப் பக்கத்தில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, அவர் ஒலியை மாற்றிய ஒவ்வொரு இடத்தையும் குறித்துவந்தேன். எந்தப் பாட்டு, எந்த இடம், எந்த ஒலியிலிருந்து எந்த ஒலிக்கு, மாற்றக் கிடைத்த நேரம் எவ்வளவு என்ற நான்கு செய்திகளை மட்டும் எழுதினேன். இந்த நோட்டுதான் பிறகு எல்லாவற்றையும் தீர்மானித்தது.

முதலில் தெரிய வந்தது, பாட்டுக்கு ஒரு பிரீசெட் (செயலியில் முன்கூட்டியே சேமித்து வைத்த ஒலியமைப்பு) என்று அவர் அமைத்திருந்த முறை எங்கள் கச்சேரிக்குப் பொருந்தாது என்பது. ஒரு கச்சேரியில் இருபதுக்கு மேற்பட்ட பாட்டுகள் வாசிக்கிறோம். வரிசையை எழுதி ஒட்டினாலும், ஊர்ப் பெரியவர்களிடமிருந்து விருப்பப் பாட்டுச் சீட்டு மேடைக்கு வந்த கணத்தில் வரிசை கலைந்துவிடும். பத்தாவது பிரீசெட்டில் நிற்பவர் மூன்றாவதற்குப் போக ஏழு முறை மிதிக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது, பாட்டுகள் எத்தனை இருந்தாலும் அவர் பயன்படுத்திய ஒலிகள் மூன்று குடும்பங்களுக்குள் அடங்கின. சுத்தமான எலெக்ட்ரிக் ஒலியும் அதன் கோரஸ் வகையும், ‘வா-வா’ என ஒலிக்கும் ஆட்டோ வா வகையும் ஒரு குடும்பம். மெலடிப் பாட்டுகளுக்கான அக்கூஸ்டிக் சாயல் இன்னொன்று. டிஸ்டார்ஷனும் அதன் மேல் டிலே சேர்த்த தனி வாசிப்பு ஒலியும் மூன்றாவது.

மூன்றாவது செய்தியைத்தான் நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். குடும்பம் விட்டுக் குடும்பம் மாறுவது பெரும்பாலும் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில், அறிவிப்பாளர் பேசும்போது நடந்தது. அதற்கு நேரம் தாராளம். பாட்டுக்கு நடுவே, ஒரு அடி எடுத்து வைக்கும் நேரத்துக்குள் நடந்த மாற்றங்கள் அநேகமாக எல்லாமே ஒரே குடும்பத்துக்குள்ளேயே நடந்தன. ஆகவே அவசரமான மாற்றம் ஒரு வகை, நிதானமான மாற்றம் இன்னொரு வகை. அவருடைய அமைப்பில் இரண்டும் ஒரே விசையில் குவிந்திருந்தன.

முதல் கொள்முதல்

இந்தக் கணக்கு முடிவதற்கு முன்பே முதல் கருவி வாங்கப்பட்டுவிட்டது. நான்கு விசைகள், உள்ளே சார்ஜ் ஏற்றும் பேட்டரி, ப்ளூடூத், யுஎஸ்பி எல்லாம் கொண்ட சிறிய கன்ட்ரோலர் அது. “மிடி என்று போட்டிருக்கிறது, செயலியிலும் மிடி இருக்கிறது, பொருந்தும்” என்று கிதார்க்காரர் சொன்னதற்கு நானும் தலையசைத்தேன்.

பொருந்தவில்லை. கன்ட்ரோலரின் யுஎஸ்பி கேபிளைச் செயலியின் யுஎஸ்பி துளையில் செருகினோம், விளக்கு எரிந்தது, ஒலி மாறவில்லை. இரண்டு மாலைகளை அமைப்புகளைக் கிளறியே கழித்தோம். காரணம் எளிமையானது. யுஎஸ்பி இணைப்பில் ஒரு முனை ஹோஸ்டாக, அதாவது உரையாடலைத் தொடங்கி நடத்தும் தலைமைக் கருவியாக இருக்க வேண்டும். கணினியும் பல கைப்பேசிகளும் அந்த வேலையைச் செய்யும். எங்கள் செயலியும் கன்ட்ரோலரும் இரண்டுமே கணினியோடு இணைவதற்காகச் செய்யப்பட்டவை. கூப்பிட்டால் பேசலாம் என்று இருவரும் காத்திருந்தால் அங்கே பேச்சே தொடங்காது. நடுவில் ஒரு யுஎஸ்பி ஹோஸ்ட் பெட்டியை வைத்து 5 பின் மிடியாக மாற்றலாம். அதற்கு இன்னொரு அடாப்டர், இன்னும் இரண்டு கேபிள்கள், பழுதாக இன்னும் ஓர் இடம் தேவைப்படும். ப்ளூடூத் வழிக்கும் செயலியில் செருகத் தனி ரிசீவர் வேண்டும். கூடவே, கச்சேரிக்கு முன் சார்ஜ் ஏற்றுவது என்ற ஒரு வேலையும் சேரும். நள்ளிரவைத் தாண்டியும் நீளும் கச்சேரிக்கு அதை நம்ப எங்களுக்கு மனம் வரவில்லை.

கருவியில் குறை ஒன்றும் இல்லை. கணினியில் கிதார் மென்பொருள் வைத்து வாசிக்கும் தஞ்சாவூர் மாணவர் ஒருவர் அதை வாங்கிக்கொண்டார், இன்றுவரை நன்றாகப் பயன்படுத்துகிறார். கொடுத்த விலையில் ஒரு பகுதி எங்களுக்கு நட்டம்.

அட்டைச் சோதனை

இரண்டாம் முறை எதையும் வாங்குவதற்கு முன் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்தோம். சோடா மூடிகளைக் கவிழ்த்து ஒட்டி விசைகளாக வைத்துக்கொண்டோம். நான்கு மூடி, ஆறு மூடி, பத்து மூடி என மூன்று அமைப்புகளைச் செய்து, நோட்டில் குறித்த மாற்றங்களைப் பாட்டோடு வாசித்தபடியே மிதித்துப் பார்த்தார். கீபோர்டு அண்ணன் கூடவே வாசித்தார். நான் காலை மட்டும் கவனித்தேன்.

பத்து மூடி அமைப்பில் கடைசி மூடிக்கு எட்டுவதற்காக அவர் உடல் எடையையே மாற்ற வேண்டியிருந்தது. அப்படி மாற்றும்போதெல்லாம் வலது கையின் தாளம் ஒரு நூலளவு தளர்ந்தது. நான்கு மூடியில் கால் சிரமப்படவில்லை, ஆனால் மூன்று குடும்பங்களையும் அவற்றின் உள்வகைகளையும் அடக்கப் பக்கம் புரட்ட வேண்டிவந்தது. எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்ற நினைவு பாட்டின் நடுவில் நிற்காது. மும்மூன்றாக இரண்டு வரிசையில் ஆறு மூடிகள் வைத்தபோது, மேல் வரிசை குடும்பத்துக்கும் கீழ் வரிசை அதன் மூன்று வகைகளுக்கும் என்று தானாகவே பிரிந்தது. அவசரமான மாற்றங்கள் காலுக்கு அருகில், நிதானமானவை ஒரு சாண் தள்ளி. மூன்று பாட்டுகளுக்குப் பிறகு அவர் கீழே பார்ப்பதை நிறுத்தியதைக் கண்டேன்.

இந்தச் சோதனையை அவர் வீட்டுத் திண்ணையில் வெறுங்காலோடுதான் செய்தோம். அதில் ஒரு ஓட்டை இருந்ததைப் பின்னால்தான் அறிந்தோம்.

பரிசீலித்த வழிகள்

மிடியே வேண்டாம் என்பதும் ஒரு வழியாக இருந்தது. செயலியின் பக்கத்துத் துளையில் சாதாரண ஃபுட் சுவிட்ச் இரண்டைச் சேர்க்கலாம், செலவு மிகக் குறைவு. ஆனால் ஒலியளவைக் காலால் ஏற்றி இறக்கும் எக்ஸ்பிரஷன் பெடலுக்கும் அதே துளைதான் இடம். மெலடிப் பாட்டுகளில் கிதார் ஒலி மெல்ல எழுந்து வருவது இந்தப் பெடலால்தான் முடிகிறது. அதை விட்டுக்கொடுக்க அவர் இசையவில்லை.

பெரிங்கர் எஃப்சிபி1010 பழைய விலைக்குக் கிடைத்தது. பத்து விசைகளும் மேல் கீழ் விசைகளும் இரண்டு எக்ஸ்பிரஷன் பெடல்களும் சேர்ந்த உறுதியான பெரிய பலகை அது. 5 பின் மிடி உண்டு. உலகெங்கும் கிதார்க்காரர்கள் ஆண்டுக்கணக்கில் நம்பி வாசித்த கருவி என்பதை மறுக்க முடியாது. எங்களுக்குப் பொருந்தாமல் போனதற்குக் காரணங்கள் எங்கள் மேடையைச் சேர்ந்தவை. அட்டைச் சோதனையில் பத்து விசை அகலம் காலுக்கு ஒத்துவரவில்லை. அதைவிட, அந்தப் பலகைக்குள் 230 வோல்ட் மின்கம்பி நேராகப் போகிறது. தீர்த்தமும் இளநீரும் சிந்தி ஈரமாகக் கிடக்கும் ஜமுக்காளத்தில் வெறுங்காலோடு நிற்பவரின் காலடியில் அந்தக் கம்பியை ஓடவிட எனக்குத் துணிவில்லை. ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி அடிக்காத மேடைகளில், கிதார்க் கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டு சுரீரென்று இழுத்த அனுபவம் எங்கள் பாடகர் உட்பட மூவருக்கு உண்டு. அதனால் தரையில் இருப்பவை 9 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்று முடிவு செய்துகொண்டோம்.

பொறியியல் படிக்கும் உறவுக்காரப் பையன் ஒருவன் ஆர்டுவினோ என்ற சிறு கணினிப் பலகையை வைத்துத் தானே செய்து தருவதாகச் சொன்னான். சொன்னதில் மிகை இல்லை. வினாடிக்கு 31,250 பிட் (0 அல்லது 1 என்ற தரவுத் துணுக்கு) வேகத்தில் அனுப்பும் ஒரு சீரியல் இணைப்பும் 220 ஓம் மின்தடை இரண்டும் 5 பின் துளை ஒன்றும் இருந்தால் மிடி செய்தி வெளியே போய்விடும். 1983இல் வெளிவந்த இந்த முறை இன்றும் அவ்வளவு எளிமையாகவே இருப்பதை எண்ணும்போது அதை வகுத்தவர்கள் மேல் மதிப்பு கூடுகிறது. ஆனால் பையன் தேர்வெழுதப் போயிருக்கும் வாரத்தில் அது பழுதானால் திறந்து பார்க்க ஆளிருக்காது. முதன்மைக் கருவியாக வேண்டாம், மாற்றுக் கருவியாகச் செய்து தரும்படி கேட்டுக்கொண்டோம்.

எஞ்சியது, 9 வோல்ட் அடாப்டரில் இயங்கும், ஆறு விசையும் சிறு திரையும் 5 பின் வெளித்துளையும் உள்ள வகை. சிங்கப்பூரின் மார்னிங்ஸ்டார் எம்சி6 இந்த வகையில் பலரும் அறிந்தது. வேறு நிறுவனங்களும் இதே வடிவில் செய்கின்றன. ஒரே விசையில் மிதித்தல், நீண்ட அழுத்தம் என வெவ்வேறு செய்திகளை வைக்கலாம், எழுதுவதைக் கணினியில் செய்யலாம் என்பவை கூடுதல் வசதிகள்.

முடிவும் காரணங்களும்

ஆறு விசை வகையையே வாங்கினோம். எக்ஸ்பிரஷன் பெடலைக் கன்ட்ரோலரில் செருகாமல் செயலியிலேயே நேராகச் செருகினோம். கன்ட்ரோலர் ஒரு வேளை நின்றுபோனாலும் ஒலியளவு காலடியில் இருக்கும் என்பதே காரணம்.

செயலியைத் தரையில் வைக்காமல் கீபோர்டுக்குப் பக்கத்தில் முக்காலியின் மேல் வைத்து, கன்ட்ரோலரை மட்டும் தரையில் வைப்பதென்றும் முடிவு செய்தோம். ஈரத்திலிருந்து விலை உயர்ந்த பொருளைக் காப்பாற்றலாம். மிடி கேபிளை 15 மீட்டர் வரை நீட்டலாம் என்பதால் எங்களுடைய 5 மீட்டர் கேபிளில் எந்தச் சிக்கலும் வராது.

5 பின் இணைப்பையே வற்புறுத்தியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மிடியின் உள்துளையில் செய்தி ஓர் ஆப்டோ ஐசொலேட்டர் வழியாக, ஒளியாக மாறித்தான் உள்ளே போகிறது. இரு கருவிகளின் மின்சுற்றுகள் நேராகத் தொட்டுக்கொள்வதில்லை. கேபிளின் கவசக் கம்பியும் அனுப்பும் முனையில் மட்டுமே தரையோடு சேர்கிறது. ஜெனரேட்டர் மேடைகளில் கருவிக்குக் கருவி எர்த் வழியாக வரும் ‘உம்ம்’ இரைச்சலோடு ஓயாமல் போராடுபவன் என்ற முறையில், இரைச்சலுக்கு இன்னொரு பாதையைத் திறக்காத இணைப்பு எனக்குப் பெரிய நிம்மதி.

அமைத்த விதம்

குடும்பத்துக்கு ஒரு பிரீசெட் என்று மூன்று பிரீசெட்டுகளும், ஒவ்வொன்றுக்குள்ளும் அதன் உள்வகைகளாக மூன்று ஸ்னாப்ஷாட்டுகளும் அமைத்தோம். மேல் வரிசை விசைகள், பிரீசெட்டை மாற்றச் சொல்லும் புரோகிராம் சேஞ்ச் செய்தியை அனுப்பும். கீழ் வரிசை விசைகள் கன்ட்ரோல் சேஞ்ச் எண் 69ஐ, 0, 1, 2 என்ற மதிப்புகளோடு அனுப்பும். இந்தச் செயலியில் ஸ்னாப்ஷாட்டைத் தேர்ந்தெடுக்கும் எண் அதுதான். கீழ் வலது விசையை நீண்ட நேரம் அழுத்தினால் எண் 68 போகும், சுருதி பார்க்கும் ட்யூனர் திறக்கும்.

பிரீசெட் மாறும்போது ஒலி ஒரு கணம் அற்றுப்போவதைக் கேட்டுவிட்டு, மிடி மெதுவானது என்று கிதார்க்காரர் வருந்தினார். உண்மையில் மூன்று பைட் கொண்ட மிடி செய்தி ஒன்று போய்ச் சேர ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு வினாடிதான் ஆகும். அந்த இடைவெளி, செயலி ஒரு பிரீசெட்டை இறக்கிவிட்டு அடுத்ததை ஏற்றும் நேரம். ஸ்னாப்ஷாட் மாற்றத்தில் அந்த வேலை இல்லை, டிலேயின் வால்கூட அறுபடாமல் தொடரும். ஆகவே பாட்டின் நடுவே கீழ் வரிசை, பாட்டுகளுக்கு இடையே மேல் வரிசை என்ற பிரிவு காலுக்கு மட்டுமல்லாமல் காதுக்கும் பொருந்தியது. நோட்டில் கண்ட பிரிவும் கருவிக்குள் இருந்த பிரிவும் ஒன்றாக வந்து நின்றதில் எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

ஒவ்வொரு பிரீசெட்டையும் முதல் ஸ்னாப்ஷாட்டில் நிறுத்தியபடியே சேமித்தோம். எந்தக் குடும்பத்துக்கு மாறினாலும் அதன் எளிய ஒலியில்தான் போய் இறங்குவார்.

மூன்று இடங்களில் தடுக்கி விழுந்தோம். முதலில், கன்ட்ரோலர் ஒரு சேனலிலும் செயலி வேறொரு சேனலிலும் இருந்தன. மிடியில் 16 சேனல்கள் உண்டு, இரண்டும் ஒரே எண்ணில் நிற்க வேண்டும். அடுத்து, முதல் விசையை மிதித்தால் இரண்டாவது பிரீசெட் திறந்தது. புரோகிராம் சேஞ்ச் எண்கள் உள்ளுக்குள் 0 முதல் 127 வரை போகின்றன. சில கருவிகள் அதை 1 முதல் 128 என்று காட்டும். திரையில் தெரிவதற்கும் அனுப்பப்படுவதற்கும் ஒன்று வித்தியாசம். கடைசியாக, தனி வாசிப்புக்கு ஒலியை உயர்த்த வைத்த விசை, கால் அழுத்தியிருக்கும் வரைதான் வேலை செய்தது. அழுத்தும்போது 127, எடுக்கும்போது 0 என்று இரண்டு செய்திகள் போய்க்கொண்டிருந்தன. முறை மாறி மாறி அனுப்பும் அமைப்புக்கு மாற்றினால் சரியாகியிருக்கும். நாங்கள் அந்த உயர்வையும் மூன்றாம் ஸ்னாப்ஷாட்டுக்குள்ளேயே வைத்து அந்தச் சிக்கலை முற்றிலும் நீக்கினோம்.

முதல் மேடைகள்

பங்குனி மாதத்தில் ஓர் அம்மன் கோயில் மேடையில் முதன்முதலாக இறக்கினோம். அரைமணி நேர அவசரத்தில் இணைக்க வேண்டியவை ஒரு மிடி கேபிளும் இரண்டு அடாப்டர்களும் மட்டுமே என்பது உடனே பலன் தந்தது. இரண்டாவது பாட்டிலேயே விருப்பச் சீட்டு வந்தது. அறிவிப்பாளர் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தபோது கிதார்க்காரர் மேல் வரிசையில் ஒரு முறை மிதித்தார், அவ்வளவுதான். அன்று அவர் குனிந்தது கச்சேரி முடிந்து கேபிளைச் சுருட்டும்போதுதான்.

குறைகளும் அன்றே தெரிந்தன. ஜமுக்காளத்தின் மேல் கன்ட்ரோலர் வழுக்கி மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்தது. அடுத்த கச்சேரிக்குள் ஓர் அடிப்பலகையில் அதைத் திருகி, எக்ஸ்பிரஷன் பெடலையும் பக்கத்தில் பொருத்தி, கீழே பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினோம். சிறிய உலோக விசைகள் வெறுங்கால் பெருவிரலின் அடியில் நெருஞ்சி முள்ளாய்க் குத்தியதால், விசைத் தலைகளின் மேல் அகலமான பிளாஸ்டிக் மூடிகளைப் பொருத்தினோம்.

அட்டைச் சோதனையின் ஓட்டை வைகாசியில் ஒரு கல்யாண வரவேற்பில் வெளிப்பட்டது. அன்று அவர் கோட்டும் ஷூவும் அணிந்திருந்தார். வெறுங்காலில் பெருவிரலால் மிதித்துப் பழகியவருக்கு, ஷூவின் முனை மேல் விசையைத் தொடும்போது அதன் நடுப்பகுதி கீழ் விசையில் படுவது தெரியவில்லை. மெலடிப் பாட்டின் தொடக்கத்தில் அக்கூஸ்டிக் ஒலிக்குப் பதிலாக டிலே ததும்பும் தனி வாசிப்பு ஒலி வெடித்தது. மணமக்கள் நின்ற பக்கமே திரும்பிப் பார்த்தது. முகம் சிவந்து நின்ற அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் மேல் வரிசை மூடிகளை மட்டும் உயரமானவையாக மாற்றி, பலகையின் பின்பக்கத்தை இரண்டு விரற்கடை உயர்த்தினோம். அதன் பிறகு ஷூவிலும் தவறு நேரவில்லை.

கடற்காற்றும் மழையும்

செப்டம்பர் முதல் வாரத்தில் கடலை ஒட்டிய மேடையொன்றில் கன்ட்ரோலரின் விளக்கு மாறியது, ஒலி மாறவில்லை. விளக்கு எரிகிறதே என்று செயலியைச் சந்தேகித்துச் சில நிமிடங்களை வீணாக்கினேன். கேபிளில் செய்தி ஒரு பக்கமாகத்தான் போகிறது. கன்ட்ரோலரின் விளக்குக்குத் தெரிந்தது அனுப்பினோம் என்பது மட்டுமே, போய்ச் சேர்ந்ததா என்பதை அது அறியாது. 5 பின் முனையில் உப்புக் காற்றால் பச்சை பூத்திருந்தது. மாற்றுக் கேபிள் கைவசம் இருந்ததால் அடுத்த பாட்டுக்குள் சரியாயிற்று. அதற்குள் ஒரு பாட்டு முழுவதையும் சுத்த ஒலியிலேயே வாசித்து முடித்திருந்தார்.

மாற்றுக் கேபிளை வாங்கியதிலும் ஒரு பாடம் கிடைத்தது. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் 5 பின் கேபிள்கள் எல்லாம் மிடி கேபிள்கள் அல்ல. பழைய ஆடியோ கருவிகளுக்கானவற்றில் பின்கள் வேறு விதமாகக் கோக்கப்பட்டிருக்கலாம். மிடிக்கு 4, 5 ஆகிய பின்களும் கவசத்துக்கு 2ஆம் பின்னும் இரு முனையிலும் நேருக்கு நேர் சேர்ந்திருக்க வேண்டும். கும்பகோணத்தில் ரேடியோ பழுது பார்க்கும் ஒருவர் மீட்டரை வைத்துப் பார்த்து, நான் வாங்கியிருந்த இரண்டில் ஒன்றைத் தள்ளிவிட்டார்.

ஐப்பசி மழை விட்ட ஓர் இரவில் ஈசல்கள் கன்ட்ரோலரின் திரையை அப்படியே மூடின. மேடையில் அந்த உயரத்தில் வெளிச்சம் தந்தது அது ஒன்றுதான். எழுத்து எதுவும் தெரியவில்லை. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. கால் தன் இடங்களை அறிந்திருந்தது. திரையின் ஒளியை மறுநாள் பாதியாகக் குறைத்துவிட்டோம்.

மின்வாரிய மின்சாரத்திலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் ஒரு கணத்தில் செயலி அணைந்து மீண்டும் எழ எடுத்துக்கொள்ளும் நேரம் மேடையில் மிக நீளமாகத் தோன்றும். கணினிக்கு வைக்கும் சிறிய யுபிஎஸ் ஒன்றை முக்காலியின் அடியில் கட்டி, செயலிக்கும் கன்ட்ரோலருக்கும் கீபோர்டுக்கும் அதிலிருந்தே மின்சாரம் கொடுத்தோம். இது கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

விளைவு

ஓராண்டுக்குப் பிறகு அதே நோட்டை எடுத்து மீண்டும் ஒரு கச்சேரியில் குறித்துப் பார்த்தேன். பாட்டின் நடுவே தவறிய மாற்றம் எதுவும் அன்று இல்லை. பிட் தொடங்கும் இடத்தில் கீபோர்டு அண்ணன் அவருக்காகக் காத்திருப்பதும் நின்றுவிட்டது. நான் எதிர்பாராத ஒரு பலனும் கிடைத்தது: கிதார்க்காரர் பாடகரின் முகத்தைப் பார்த்து வாசிக்கத் தொடங்கியிருக்கிறார். சரணத்தின் கடைசி அடியைப் பாடகர் நீட்டும்போது அவரும் கூடவே நீட்டுகிறார். முன்பு அந்த நேரத்தில் அவர் கண் தரையில் இருந்தது.

உறவுக்காரப் பையன் செய்து தந்த இரட்டை விசைப் பெட்டி இன்னும் மேடை ஏறவில்லை. ஒத்திகையில் மாதம் ஒரு முறை அதைச் செருகி, உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்கிறோம்.

இன்று தொடங்கினால் மாற்றிச் செய்பவை

நோட்டையும் அட்டையையும் முதலில் எடுப்பேன். எந்தக் கருவியின் விவரத்திலும் முதலில் வெளித்துளையின் வகையைப் பார்ப்பேன். சில புதிய கருவிகளில் 5 பின்னுக்குப் பதிலாக 3.5 மில்லிமீட்டர் துளை வருகிறது. அதிலும் ஏ வகை, பி வகை என்று கம்பிகளைக் கோக்கும் இரண்டு முறைகள் புழக்கத்தில் உள்ளன. 2018இல் ஏ வகையைப் பொதுவானதாக ஏற்றுக்கொண்டார்கள், ஆனாலும் பழைய பி வகைக் கருவிகள் சந்தையில் கிடைக்கின்றன. மாற்றி வாங்கினால் முதல் கொள்முதலில் நேர்ந்ததுதான் நேரும்.

அட்டைச் சோதனையை வெறுங்காலோடு ஒரு முறையும் ஷூவோடு ஒரு முறையும், திண்ணையில் அல்லாமல் பலகை மேடையில் ஜமுக்காளத்தின் மேல் நின்றபடி செய்யச் சொல்வேன். கேபிள் இரண்டையும் மீட்டரில் பார்த்த பிறகே பெட்டியில் வைப்பேன். கடற்கரை மேடைகளிலிருந்து திரும்பிய மறுநாள் பின்களைத் துடைப்பது இப்போது என் வழக்கத்தில் சேர்ந்துவிட்டது.

ஒரு செய்தியில் மட்டும் கிதார்க்காரருக்கும் எனக்கும் இன்னும் கருத்து ஒன்றாகவில்லை. நீண்ட அழுத்தத்தில் இரண்டாவது பக்கத்தைத் திறந்து, கிறிஸ்தவப் பாடல் கச்சேரிகளுக்கென நான்காவது குடும்பம் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்கிறார் அவர். பக்கம் புரட்டுவதை வேண்டாமென்றுதானே ஆறு விசை வாங்கினோம் என்கிறேன் நான். அடுத்த பெருவிழாக் கச்சேரிகளில் அந்த நான்காவது ஒலி எத்தனை முறை, எவ்வளவு நேரத்துக்குள் தேவைப்படுகிறது என்பதை நோட்டில் குறித்துவிட்டுப் பேசலாம் என்று வைத்திருக்கிறோம்.